மூக்கும் நாக்கும்

ஒருவன் மூக்கறுபட்டான் என்று நம்மவர் கூறும்போது, அங்கே கத்தியுமில்லை, குருதியுமில்லை. அவன் மானம் போயிற்று என்பதே பொருள். முகத்தின் நடுவிலுள்ள ஓர் உறுப்பின்மீது மானத்தை ஏற்றி வைத்திருக்கும் நமக்கு, பிரெஞ்சு நாடகாசிரியர் எட்மண்ட் ரோஸ்டாண்ட் இயற்றிய 'ஸிரானோ டி பெர்ஜராக்' அயலார் கதையாகத் தோன்றாது. 1897-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் அரங்கேறிய இந்நாடகத்தை இன்றைய பெற்றோர் ஊன்றிப் படித்தல் நன்று.

ஸிரானோ வாட்போரில் வல்லவன்; கவி புனைவதிலும் வல்லவன். அவன் மூக்கோ மிகப் பெரிது. அதன் காரணமாக, தான் காதலிக்கும் ரொக்ஸானிடம் வாய் திறக்க அஞ்சி, கிறிஸ்தியான் என்னும் அழகனுக்குக் காதற் கடிதங்களை எழுதிக் கொடுக்கிறான். கிறிஸ்தியான் போரில் மடிகிறான். பதினைந்து ஆண்டுகள் கழிந்து, ஸிரானோ உயிர் விடும் தறுவாயிலேயே ரொக்ஸான் உண்மையை உணர்கிறாள்.

இக்கதை 1987-இல் அமெரிக்காவில் 'ரொக்ஸான்' என்ற படமாக வெளிவந்தது. அதில் நாயகன் வைத்தியரை நாடி மூக்கைக் குறைக்கும்படி வேண்டுகிறான். மயக்க மருந்து அவனுக்கு ஒவ்வாமையால் அது கைகூடவில்லை. இம்மாறுதலைச் சிறிதென்று கருதலாகாது. பழைய ஸிரானோவை எள்ளி நகைத்தவர் உண்டு. 'அதை ஏன் திருத்திக்கொள்ளவில்லை?' என்று கேட்டாரில்லை. தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னரோ, அக்கேள்விக்கு விடை கூறாமல் கதை நகரவில்லை. பிறப்பில் அமைந்த மூக்கை வைத்துக்கொள்வதற்கும் காரணம் காட்ட வேண்டிய காலம் வந்துவிட்டது!

இன்று அக்கேள்வி பதினைந்து வயதுப் பிள்ளைகளிடமும் கேட்கப்படுகிறது. மூக்கின் வளர்ச்சி பெண்களுக்கு ஏறக்குறைய 15, 16 வயதிலும், ஆண்களுக்கு அதற்கு ஓரிரண்டு ஆண்டு பிந்தியும் நிறைவடைகிறது. அதற்குமுன் அழகின் பொருட்டு அறுப்பது, முற்றாத மரத்தை உத்தரத்திற்கு வெட்டுவது போலாகும். வீக்கம் முழுதும் வடிய ஓராண்டும் ஆகலாம். சிலருக்கு மறுமுறையும் கத்தி வைக்க நேரும். பழைய மூக்கோ திரும்ப வாராது.

ரோஸ்டாண்டின்மீதும் நமக்கொரு குறையுண்டு. பெரிய மூக்குடையவனை நாம் மதிக்க வேண்டுமாயின், அவன் மகாவீரனாகவும் மகாகவியாகவும் இருந்தாக வேண்டுமா? வாளும் கவியுமில்லாத சாதாரணப் பிள்ளைக்கு மதிப்பில்லையா? நம் புலவர்களும் இதில் பின்வாங்கினாரல்லர். மகளிர் மூக்கிற்கு எள்ளுப்பூவையும் குமிழம்பூவையும் உவமை கூறினர். அவ்வுவமைக்கு அடங்காத மூக்குடையாளை நாயகியாக்கியவர் எத்தனை பேர்?

இரண சிகிச்சையே தீதென்று நாம் கூறவில்லை. விபத்தில் சிதைந்த மூக்கிற்கும், மூச்சுத் தடைக்கும் அது வேண்டுவதே. தண்டனையாக மூக்கறுக்கப்பட்ட வண்டியோட்டி ஒருவனுக்கு, நெற்றித் தோலைக் கொண்டு புது மூக்கமைத்த இந்திய முறையை 1794-இல் லண்டன் சஞ்சிகையொன்று வியந்து வெளியிட்டது. அவனுக்குக் கத்தியால் நேர்ந்த இழிவைக் கத்தியே துடைத்தது.

நம் பிள்ளைகளின் நிலை அத்தகையதன்று. 'சப்பை மூக்கி', 'கிளிமூக்கன்' என்று தோட்டத்து லயத்திலும் பட்டணத்துப் பள்ளியிலும் பெயரிட்டழைப்பவர் யார்? பெண் பார்க்கச் சென்ற இடத்தில் மூக்கை அளப்பவர் யார்? நாமேயன்றோ! நாக்கினால் அறுத்துவிட்டு, வைத்தியரிடம் தைக்கச் சொல்லுதல் என்ன நியாயம்? பிள்ளையின் மூக்கைத் திருத்துமுன் வீட்டார் தம் நாக்கைத் திருத்துவாராக. அதற்கு மயக்க மருந்தும் வேண்டா, பணமும் வேண்டா.