பெயரில் ஒரு அடிக்கோடு

நுண்ணோக்கிப் படத்தில் செல்களை எண்ணுகிறவர்களுக்கு இமேஜ்ஜே பழகிய பெயர். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் இருந்த வேய்ன் ராஸ்பாண்ட், தான் முன்பே மெக்கின்டாஷுக்காக எழுதியிருந்த மென்பொருளின் வழித்தோன்றலாக, 1997இல் இதை ஜாவாவில் எழுதினார்.

எனக்கு இதில் பிடித்தது, அடுத்தவருக்கு அவர் திறந்துவைத்த வாசல். இமேஜ்ஜேயில் சேர்க்க நீங்கள் எழுதும் செருகுநிரலின் பெயரில் எங்காவது ஒரு அடிக்கோடு இருக்க வேண்டும். அதை பிளகின்ஸ் கோப்புறையில் போட்டுவிட்டால், அடுத்த முறை திறக்கும்போது மெனுவில் அது வந்து நிற்கும். அவ்வளவுதான். படவடிகட்டி வகைச் செருகுநிரலுக்கு முக்கியமாக இரண்டே செயற்கூறுகள். முதலாவது, எந்த வகைப் படம் எனக்கு ஒத்துவரும் என்று சொல்கிறது. இரண்டாவது, வேலையைச் செய்கிறது. ஒவ்வாத படம் வந்தால் இமேஜ்ஜேயே தடுத்துவிடும். அடுக்குப் படங்களையும் கையாள்வேன் என்று ஒரு குறி கொடுத்தால், ஒவ்வொரு தளத்துக்கும் அதுவே உங்கள் நிரலை ஓட்டும். செய்ததை மீட்கும் ஏற்பாடும் அதன் பொறுப்பு. உயிரியலாளர் தன் கணக்கை மட்டும் யோசித்தால் போதும். இவ்வளவு குறைவாகக் கேட்டதைத்தான் இதன் மேதைமை என்பேன்.

இப்படிச் சேர்ந்த செருகுநிரல்களைத் தொகுத்து வந்ததே ஃபிஜி என்ற தொகுப்பு. அதிலுள்ள பயோ-ஃபார்மட்ஸ் என்ற நூலகம், நூற்றுக்கும் மேற்பட்ட நுண்ணோக்கிக் கோப்பு வடிவங்களைப் படிக்கும். அதே நூலகத்தைப் பிற படப்பகுப்பாய்வு மென்பொருள்களான செல்புரோஃபைலரும் கியூபாத்தும் எடுத்துப் பயன்படுத்துகின்றன.