‘என்றான்’ வருவதற்கு முன்

புணேயில் கோத்ருடில் ஏறி ஹிஞ்ஜவடியில் இறங்க நல்ல நாளில் ஒரு மணி நேரம் ஆகும். மழை நாளென்றால் இரண்டும் ஆகலாம். கம்பெனி பஸ்ஸில் புத்தகத்தை விரித்தால் சாந்தனி சௌக் வருவதற்குள் எனக்குத் தலை சுற்றிவிடும். அப்படித்தான் நாவல்களைக் காதில் கேட்க ஆரம்பித்தேன். முதலில் எடுத்தது கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’, பாம்பே கண்ணன் பல குரல்களைச் சேர்த்துத் தயாரித்த ஒலி வடிவம்.

பள்ளி நாளில் கோவில்பட்டியில் ஐந்து பாகங்களையும் ஒரே கோடை விடுமுறையில் முடித்தவள் நான். தாவித் தாவிக் கடந்தேன் என்று சொல்வதுதான் நியாயம். வந்தியத்தேவன் எங்கே, பூங்குழலி எங்கே என்று தேடிக்கொண்டு, கல்கி சரித்திரம் சொல்லும் பக்கங்களையெல்லாம் புரட்டித் தள்ளியிருக்கிறேன். காதுக்கு அந்த வசதி கிடையாது. பஸ் பாவ்தனில் நகராமல் நிற்க, வீரநாராயண ஏரிக்கரையில் ஆடிப்பெருக்குக் கூட்டம் தன் போக்கில் நகர்ந்தது. நானும் கூடவே போனேன். கல்கி கதையை நிறுத்திவிட்டு வாசகரோடு பேசும் இடங்கள் அச்சில் எனக்குப் பழைய பாணியாகப் பட்டவை. குரலில் வரும்போது, கதாகாலட்சேபக்காரர் எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடர்வதுபோல அவை பொருந்தி உட்கார்ந்தன. 1950இல் தொடங்கி வாரம் ஒரு பகுதியாக வந்த கதைக்குக் காத்திருக்க வைக்கத் தெரியும். வாகட் பாலத்தைத் தாண்டியதும் ஓர் அத்தியாயம் முடிந்து நான் இறங்க வேண்டிவந்தால், சாயங்காலம் வரை வேலைக்கு நடுவே அந்த ஆபத்து என்ன ஆயிற்றோ என்று மனம் அடித்துக்கொள்ளும்.

ஒரே ஒரு குறை. அந்த நாவலின் நந்தினியில் எனக்கென்று ஒரு நந்தினி இருந்தாள். பன்னிரண்டு வயதில் நானே குரல் கொடுத்து வளர்த்தவள். வேறொருவர் குரலில் அவள் பேசத் தொடங்கியதும் என்னுடைய நந்தினி எழுந்து போய்விட்டாள், இன்னும் திரும்பவில்லை. நடித்தவர்மேல் தவறே இல்லை, மிக நன்றாகத்தான் செய்திருந்தார். ஆளுக்கொரு குரல், பின்னணியில் இசை, குதிரைக் குளம்புச் சத்தம் என்று எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் கேட்பவள் போட வேண்டிய பங்கு குறைந்துபோகிறது. அதற்குப் பிறகு ஒற்றைக் குரலில் வாசிக்கப்பட்டவற்றையே தேடினேன்.

ஒற்றைக் குரலில் தமிழ் நாவல் வாசிப்பது எவ்வளவு கடினமான கலை என்பது கேட்கக் கேட்கத்தான் புரிந்தது. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வந்து சேரும். அதுவரை வாசிப்பவர் குரலைக் கீழே விட முடியாது, மூச்சையும் பார்த்துத்தான் செலவழிக்க வேண்டும். உரையாடல் இன்னும் சிக்கல். யார் பேசினார் என்பதைத் தமிழ் பெரும்பாலும் பேசி முடித்த பிறகே சொல்கிறது. ‘என்றான்’, ‘என்றாள்’ கண்ணில் படுவதற்குள் பேச்சு முடிந்திருக்கும். ஆகவே, பேசுவது அவனா அவளா, கோபமா சலிப்பா என்பது முதல் சொல்லிலேயே வாசிப்பவரின் குரலில் ஏறியிருக்க வேண்டும். பக்கத்தை ஒருமுறை முழுக்கப் படித்துப் பார்க்காமல் மைக் முன்னால் உட்கார்ந்தவரை இந்த ஓர் இடத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். தேர்ந்த வாசிப்பாளர் குரலை மாற்றி நடிப்பதில்லை. குரலின் எடையை இம்மி அளவு நகர்த்துகிறார், அவ்வளவே. நமக்கு ஆள் தெரிந்துவிடுகிறது. ‘என்றாள்’ வரும்போது அது ஏற்கெனவே தெரிந்த செய்தியாக மெல்லக் கரைந்துபோகும்.

அசோகமித்திரனின் ‘தண்ணீ’ரை இப்படிக் கெடுத்துக்கொண்டேன். நேரம் மிச்சமாகட்டும் என்று ஒன்றேகால் மடங்கு வேகத்தில் ஓடவிட்டேன். ஜமுனா, சாயா, பக்கத்து வீட்டு டீச்சரம்மா எல்லோரும் வந்தார்கள், போனார்கள். மனதில் ஒன்றும் தங்கவில்லை. ஏப்ரல் மாதத்து ஞாயிறு ஒன்றில் புத்தகமாக எடுத்தேன். கீழே எங்கள் குடியிருப்புக்கு டேங்கர் வந்து நின்று, தடித்த குழாயைத் தொட்டிக்குள் இறக்கி, மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. புணேயில் நான்கு மாதம் மழை கொட்டும், கோடையில் டேங்கர் வரும். 1973இல் வந்த அந்தச் சென்னை நாவல் இங்கே நான்காவது மாடி பால்கனியில் உட்கார்ந்து படிக்கவே எழுதியதுபோல இருந்தது. அன்று பிடிபட்டது, அசோகமித்திரன் எழுதியதில் பாதி, வாக்கியங்களுக்கு நடுவில் இருக்கிறது என்பது. சின்ன வாக்கியம், நிறுத்தம். இன்னொரு சின்ன வாக்கியம், அதைவிட நீண்ட நிறுத்தம். நான் வேகத்தைக் கூட்டி மிச்சம் பிடித்தது அந்த நிறுத்தங்களைத்தான். பிறகு சாதாரண வேகத்தில் மறுபடி கேட்டேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக அலையும் ஜமுனாவின் களைப்பு, வாசித்தவர் பேசாமல் விட்ட இடங்களிலிருந்து என் தோளில் இறங்கியது.

அந்த ஜமுனாவை நினைத்தால் ‘மோகமுள்’ளின் யமுனாவும் கூடவே வந்துவிடுகிறாள். தஞ்சாவூர் மராத்தியத் தாய்க்குப் பிறந்தவள். தி. ஜானகிராமன் அந்த நாவலில் மகாராஷ்டிரத்திலிருந்து வந்த பாடகர்களை நாயகன் பாபுவின் காதில் விழச் செய்கிறார். அப்படியும் ஒரு மனிதக் குரல் இருக்க முடியுமா என்று பாபு நிலைகுலைந்துபோகிறான். ஊரில் படித்தபோது அந்தப் பகுதி எனக்குக் கொஞ்சம் மிகையாகத்தான் தோன்றியது. பீம்சேன் ஜோஷி தன் குருவின் நினைவாக 1953இல் தொடங்கிய சவாய் கந்தர்வ விழாவுக்கு ஒரு டிசம்பரில் போய், குளிரில் சால்வையை இறுக்கிக்கொண்டு ஒரு தொடக்க ஆலாபனை கேட்டுவிட்டு வந்தேன். அன்று இரவே அந்தப் பக்கங்களை எடுத்துப் படித்தேன். ஜானகிராமன் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ எங்கள் சீமைக் கதை. நூறு வயதைத் தாண்டிய மங்கத்தாயாரு அம்மாள், தெலுங்கு தேசத்திலிருந்து தன் மக்கள் தப்பி ஓடிவந்ததைச் சொல்கிறாள். கிழவி வாயால் வரும் கதையைக் காதால் கேட்பதைவிட வேறு என்ன பொருத்தம் வேண்டும்? ஆவலோடு கேட்டேன். வாசித்தவருக்கு நல்ல குரல், திருத்தமான உச்சரிப்பு. ஆனால் அது செய்தி வாசிக்கும் திருத்தம். கரிசல் பேச்சில் ஒரு சொல்லின் வால் நீளும், இன்னொன்றின் தலை விழுங்கப்படும். கரிசல் வட்டார வழக்குக்கு அகராதியே போட்ட மனிதரின் எழுத்து இஸ்திரி போட்ட சட்டையாக வந்தது. தாங்க முடியாமல் கோவில்பட்டியில் இருக்கும் சித்தியைக் கூப்பிட்டு, தொடக்கத்தில் குளத்தங்கரையில் நடக்கும் கொலையைப் போனில் வாசிக்கச் சொன்னேன். நகைக்காக ஒருத்தியைத் திருடன் தண்ணீரில் அமுக்க, அவள் அவன் கால் பெருவிரலைப் பல்லால் கவ்விக்கொண்டு உயிரை விடும் இடம். சித்தி குரலை உயர்த்தவே இல்லை. பக்கத்துத் தெருவில் நேற்று நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். எனக்கு முதுகு சில்லிட்டது. முடித்துவிட்டு, “இத வாசிக்கிறதுக்கு எதுக்கு பிள்ள ஆளு? நம்ம வீட்டுக் கிழவி பேசுற மாதிரில்லா இருக்கு” என்றாள்.

இதை எதிர்வீட்டு மராத்திப் பாட்டியிடம், நான் ‘ஆஜி’ என்று கூப்பிடுபவரிடம், சொன்னேன். எண்பதை நெருங்குகிறவர், பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் சொன்னது அவருக்குப் புதிதாகவே இல்லை. புணேக்காரர்களுக்குப் புத்தகத்தை வாய்விட்டு வாசிப்பது ஒரு நிகழ்ச்சி. ‘அபிவாசன்’ என்று அதற்குப் பெயரே உண்டு. எழுத்தாளரே மேடையேறித் தன் கதையைச் சொல்வது ‘கதாகதன்’. பு.ல. தேஷ்பாண்டே ‘படாட்யாச்சி சாள்’ என்று ஒரு குடியிருப்பைப் பற்றி எழுதியதோடு நிற்காமல், ஒற்றை ஆளாக மேடையில் அந்தக் குடியிருப்பு முழுவதுமாக மாறிக் காட்டியவர். ஒலிப்புத்தகச் செயலியான ஸ்டோரிடெல் 2017 இறுதியில் இந்தியாவுக்கு வந்தபோது ஆங்கிலத்தோடும் ஹிந்தியோடும் மராத்தியையும் முதல் வரிசையிலேயே வைத்ததில் எனக்கு வியப்பில்லை. கேட்கப் பழகிய காதுகள் இங்கே ஏற்கெனவே இருந்தன.

ஆஜிக்கு ஒன்பது வயதிருக்கும்போது, 1955 ராமநவமியன்று புணே வானொலியில் ‘கீத ராமாயணம்’ தொடங்கியது. க.தி. மாட்கூல்கர் எழுத, சுதீர் பட்கே இசையமைத்த 56 பாடல்கள், ஓர் ஆண்டுக்குச் சற்று மேலாக, வாரம் ஒன்றாக. நாராயண் பேட்டில் அவர்கள் இருந்த வாடா என்ற கூட்டுக் குடியிருப்பில் ஒரே ஒரு வானொலிப் பெட்டி. அதற்கு மாலை போட்டு ஊதுவத்தி ஏற்றிவைத்துவிட்டு முற்றத்தில் உட்கார்ந்து கேட்பார்களாம். அதே 1955இல் அந்தக் கவிஞரின் தம்பி வெங்கடேஷ் மாட்கூல்கர் ‘பன்கர்வாடி’ நாவலை வெளியிட்டார். அவரும் புணே வானொலியில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர்தான்.

‘பன்கர்வாடி’யை நான் தமிழில் படித்திருந்தேன் என்றதும் ஆஜி உள்ளே போய்த் தன் பிரதியை எடுத்துவந்தார். அட்டை போய், பழைய காலண்டர் தாளில் உறை போட்டிருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு விரற்கடை உயரத்துக்குப் பழுப்புக் கோடு. 1961 ஜூலை 12இல் பான்ஷேத் அணை உடைந்து வெள்ளம் பேட்டைகளுக்குள் புகுந்த அன்று பரணில் தப்பிய புத்தகங்களில் ஒன்று. வறட்சியைப் பற்றிய நாவலில் வெள்ளத்தின் கோடு! அந்தக் கோட்டைத் தடவிக்கொண்டே, “அக, ஐக” (அடியே, கேள்) என்று என்னை உட்காரவைத்து வாசிக்கத் தொடங்கினார்.

விடியுமுன் இருட்டில் தனியாக நடந்து, ஆட்டிடையர்களின் சின்னஞ்சிறு வாடிக்கு வாத்தியாராகப் போய்ச் சேரும் இளைஞனின் கதை. பள்ளிக்கூடம் மூடிக் கிடக்கிறது. பிள்ளைகள் ஆட்டின் பின்னால் போயிருக்கிறார்கள். ஊர்ப் பெரியவரான கிழட்டுக் கார்பாரியின் துணையோடு ஒவ்வொன்றாகச் செய்கிறான். ஊரே சேர்ந்து ஒரு தாலீம், அதாவது மல்யுத்தக் கூடம், கட்டுகிறது, அதைத் திறந்துவைக்க ஔந்த் ராஜா வருகிறார். பிறகு மழை பொய்க்கிறது. தமிழில் படித்தபோது கரிசல்காட்டுக்குப் பங்காளி ஊர் என்று நெருக்கமாகத்தான் இருந்தது. ஆஜியின் வாயில் அந்த ஊருக்குத் தரை முளைத்தது. தமிழில் நான் படித்த ‘ஆடு’ அவர் குரலில் ‘மேண்டரு’ ஆகிறது. நம் எழுத்தில் எழுத முடியாத மூச்சோடு கூடிய அந்த டகாரத்தில் தூசியும் கம்பளி வாடையும் இருந்தன. கார்பாரி பேசும்போது அவர் செய்வதெல்லாம், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி அரை நொடி தாமதிப்பது. கிழவர் பேசப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும். என் மராத்திக்கு எட்டாத சொற்கள் பத்துக்கு மூன்றாவது இருக்கும். கதையின் ஓர் இழைகூட அறுந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி, சாய், பதினைந்து பக்கம். ஒன்றரை மாதமாக இதுதான் வழக்கம். முதல் வாரங்களில் என் தமிழ்ப் பிரதியை மடியில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி பார்த்தேன், பிறகு கொண்டுபோவதை விட்டுவிட்டேன்.

போன வாரம் ஆஜிக்குக் கண்புரை அறுவை. மூன்று வாரம் படிக்கக் கூடாதென்று சொல்லியிருக்கிறார்கள். புத்தகத்தை என்னிடம் நீட்டினார். எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். ‘ச’ எங்கே ‘ஸ’ எங்கே என்று நான்கு இடத்தில் திருத்தினார். ‘ள’ வந்த இடத்தில் மட்டும் கை உயர்த்தி நிறுத்தி, தன் பேரனைவிட நான் அதை அழுத்தமாகச் சொல்கிறேன் என்றார். இன்னும் இருபது பக்கம்போல இருக்கிறது. புல் தீர்ந்து, ஆடுகள் செத்து, வாடி காலியாகும் பக்கங்கள். வேறு யாரையும் வாசிக்கவிடப் போவதில்லையாம், நான்தான் வாசிக்க வேண்டுமாம். ஞாயிறுக்குள் இரண்டு தடவையாவது எனக்குள் படித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அந்தப் பழுப்புக் கோடு போட்ட புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.