இனிமைக்குள் ஒலிக்கும் மரணம்

1967ஆம் ஆண்டின் கோடையை அமெரிக்க இளைஞர்கள் 'அன்பின் கோடை' எனக் கொண்டாடினர். அதே கோடையில், 'லவ்' என்றே பெயர் பூண்ட லாஸ் ஏஞ்சலிஸ் குழுவொன்று, அக்கொண்டாட்டத்தின் அடியிற் கிடந்த அச்சத்தைப் பாடிக்கொண்டிருந்தது. அவ்வாண்டு நவம்பரில் எலெக்ட்ரா நிறுவனம் வெளியிட்ட 'ஃபாரெவர் சேஞ்சஸ்' என்னும் இசைத்தட்டைப் பற்றியே ஈண்டுப் பேச விழைகிறோம்.

குழுவின் தலைவர் ஆர்தர் லீ, மெம்பிஸ் நகரிற் பிறந்த கறுப்பினக் கலைஞர். தமக்கு மரணம் நெருங்கிவிட்டது என 22 வயதிலேயே நம்பிய அவர், இப்பாடல்களைத் தம் இறுதிச் சொற்களாகவே எழுதினார். வியட்நாம் போரின் நிழலும் அவற்றில் படிந்துள்ளது.

ஒலிப்பதிவின் தொடக்கத்தில் குழு சிதறிய நிலையில் இருந்தது. ஆகவே இரு பாடல்களுக்கு வெளிக் கலைஞர்கள் கூலிக்கு அமர்த்தப்பட்டனர். அது கண்டு மனம் நொந்த உறுப்பினர்கள் முனைந்து பயின்று, எஞ்சியவற்றைத் தாமே வாசித்தனர்.

முந்தைய தட்டுகளின் மின் கிதார் ஆரவாரம் இங்கே பெரிதும் அடங்கிவிடுகிறது. மரக்கிதாரின் மேல் டேவிட் ஏஞ்சல் அமைத்த வயலின்களும் எக்காளங்களும் தவழ்கின்றன. அக்காலத்துப் பாடகர் பலர் வாத்தியக்குழுவை வெறும் பட்டுப் போர்வையாகவே பயன்படுத்தினர். இங்கோ, சொற்கள் குருதியையும் தனிமையையும் கூற, இசை புன்னகைக்கிறது. இம்முரணே தட்டின் உயிர். பிரையன் மக்லீன் இயற்றிய முதற்பாடலில், மெக்சிகோ நாட்டுச் சாயல் கொண்ட எக்காளம் திருவிழாவை நினைவூட்டுகிறது. பாடுபவனோ துணையின்றிக் காத்திருக்கிறான்.

குறையும் உண்டு. சில வரிகள் விடுகதையாகவே நின்றுவிடுகின்றன. ஓரிரு இடங்களில் இனிமை திகட்டுகிறது. எனினும் இறுதிப் பாடலில் அச்சம் துணிவாக மாறும்போது, உயர்ந்தெழும் வாத்தியங்கள் அம்மாற்றத்தை மெய்ப்பிக்கின்றன.

அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 154ஆம் இடத்தோடு நின்ற இத்தட்டை, 2003இல் லண்டன் மேடையில் வாத்தியக்குழுவுடன் லீ முழுமையாகப் பாடினார். 2006இல், தம் 61ஆம் வயதில், இரத்தப் புற்றுநோயால் மறைந்தார்.

அஞ்சிய மரணம் 39 ஆண்டுகள் தாழ்த்தே வந்தது. அதனால் அப்பாடல்கள் பொய்யாகிவிட்டனவா? இல்லை என்பதே நம் துணிபு. நாளை உறுதியில்லை என்றுணர்ந்தவன் சொல்லை வீணாக்குவதில்லை. நாள் தவறியது அவர் கணிப்பில்தான், உணர்வில் அன்று.