கட்டினது நம்மாளா?

அங்கோர் வாட்டின் மேற்கு வாசலில் நின்றுகொண்டிருந்தபோது அப்பா வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். 2023 டிசம்பர். கேமராவைத் திருப்பி அகழியையும் கோபுரங்களையும் காட்டினேன். அரியலூர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். பிறகு கேட்டார்: "டேய், இது நம்மாளு கட்டுனதுதானாமே? சூரியவர்மன்னு ஒரு தமிழ் ராஜாவாம். குரூப்ல போட்டிருந்தாங்க."

"இல்லப்பா" என்று சொல்லியிருக்கலாம். "ஆமாப்பா, அப்பிடித்தான் சொல்றாங்க" என்றேன்.

அவர் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனசில்லை என்பது பாதி உண்மை. அந்த ஃபார்வேர்டுக்கு ஒரு வகையில் நானும் பொறுப்பு என்பது மீதி. பெரம்பலூரில் இன்ஜினியரிங் முடித்து பெங்களூருக்கு வேலைக்கு வந்த புதிதில் ஒரு வலைப்பூ வைத்திருந்தேன். அங்கோர் பற்றி அதில் ஒரு பதிவு எழுதினேன், அங்கே போகாமலேயே. 'உலகின் மிகப்பெரிய கோயிலைக் கட்டிய தமிழன்' என்று தலைப்பு. நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். இந்தக் கட்டுரையை அதற்கான கோட் ரிவ்யூ என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் எழுதியதையும் சேர்த்துத்தான் பார்க்கப்போகிறேன்.

தமிழில் அங்கோர் பயணக் கட்டுரை என்பது இன்று ஒரு டெம்ப்ளேட். காலை நாலரைக்கு டுக்டுக். தாமரைக் குளத்தின் ஓரத்தில் சூரிய உதயம். பாற்கடல் கடையும் புடைப்புச் சிற்பத்தின் முன்னால் மெய்சிலிர்ப்பு. தா ப்ரோமில் மரவேருக்கு நடுவே போட்டோ. கடைசிப் பத்தியில், கடல் கடந்து சென்ற தமிழனை நினைத்து ஒரு பெருமூச்சு. ஊர்பேரை மாற்றிப் போட்டால் ஜாவாவுக்கும் பாலிக்கும்கூட இதே கோட் ஓடும். இதில் கெமர் மனிதர் யாருக்காவது வசனம் உண்டா என்று தேடிப் பாருங்கள். டுக்டுக் ஓட்டுபவர் வெள்ளந்தியாகச் சிரிப்பார், அவ்வளவுதான். அந்த நாட்டில் பேசுவது கல் மட்டும். அதுவும் தமிழில் பேசும்.

முதலில் தகவல் பிழை. அங்கோர் வாட்டைக் கட்டத் தொடங்கிய இரண்டாம் சூரியவர்மன் 1113இல் பட்டத்துக்கு வந்த கெமர் அரசன். அவனைத் தமிழனாக்கும் வாதம் முழுக்க 'வர்மன்' என்ற பின்னொட்டில் நிற்கிறது. பல்லவர்கள் வர்மன் என்று வைத்துக்கொண்டார்கள், ஆகவே இவனும் நம்மாள். வர்மன் என்பது கவசம் என்ற பொருளுள்ள சமஸ்கிருதச் சொல். 7ஆம் நூற்றாண்டில் காமரூபத்தை, அதாவது இன்றைய அசாமை, ஆண்ட பாஸ்கரவர்மனுக்கும் அதே பின்னொட்டு. இந்தக் கணக்கில் அவனையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். கெமர் எழுத்து தென்னிந்திய எழுத்திலிருந்து, குறிப்பாகப் பல்லவர் கால எழுத்திலிருந்து, கிளைத்தது என்பது அறிஞர்கள் ஏற்கும் செய்தி. சந்தோஷப்படலாம், தப்பில்லை. ஆனால் ரோமானிய எழுத்தில் எழுதினார் என்பதற்காக ஷேக்ஸ்பியரை யாரும் இத்தாலிக்காரர் ஆக்குவதில்லை. 'அங்கோர்' என்ற பெயரே 'நகரம்' என்ற சொல்லின் உருமாற்றம். சொல் இங்கிருந்து போனது, அதைத் தன் நாவுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டது அங்கிருந்த வாய். நம் கட்டுரைகளில் அந்த வாய் மட்டும் காணாமல் போகிறது.

"இதுல என்னங்க கெடுதல், ஒரு சந்தோஷம்தானே?" என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். 2003 ஜனவரியில் ப்னோம் பென்னில் நடந்ததை வாசிக்கும்வரை. ஒரு தாய்லாந்து நடிகை அங்கோர் வாட் தாய்லாந்துக்குச் சொந்தம் என்று சொன்னதாக ஒரு வதந்தி பரவியது. அவர் அப்படிச் சொல்லவில்லை என்று மறுத்தார். ஆனாலும் கூட்டம் தாய்லாந்து தூதரகத்தைக் கொளுத்தியது, தாய்லாந்துக்காரர்களின் கடைகளை நொறுக்கியது. கம்போடியாவின் கொடியில் இருப்பது அங்கோர் வாட். கெமர் ரூஜ் காலத்தில் மக்கள்தொகையில் ஏறக்குறைய கால்வாசியை இழந்த ஒரு நாடு, 'இது நாங்கள் செய்தது' என்று சொல்லிக்கொள்ள மிச்சம் வைத்திருப்பது அது. அதையும் நம் கணக்கில் எழுதிக்கொள்வதைச் சின்ன சந்தோஷம் என்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை.

இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். வெளியூரில் யாராவது சொந்த ஊர் கேட்டால் நாங்கள் "திருச்சி பக்கம்" என்போம். பெரம்பலூர், அரியலூர் என்றால் சிமென்ட் லாரியும் மக்காச்சோளமும் பருத்தியும். நகரத்தில் அந்தப் பேருக்கு மரியாதை கிடையாது. ஆகவே ஆயிரம் வருஷம் பின்னால் போய் மரியாதையை எடுத்து வருகிறோம். கங்கைகொண்ட சோழபுரம் எங்கள் மாவட்டத்தில் இருக்கிறது, ராஜேந்திரன் எங்கள் ஆள். அவனை நான் முதலில் சந்தித்தது அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' வழியாக. 1963இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கிய நாவல். சரித்திர நாவலில் கப்பல் என்றால் போர், கரை என்றால் வெற்றி. அந்த வடிவத்துக்கு அது சரி. அந்தக் கண்ணோடு பிளேனில் ஏறி சியெம் ரீப்பில் இறங்குவதுதான் சிக்கல். பயணக் கட்டுரைக்கு ஜெயிக்கும் வேலை கிடையாது, பார்க்கும் வேலைதான் உண்டு.

சியெம் ரீப் என்ற பெயருக்கு 'சியாம் தோற்ற இடம்' என்று வழக்கமாகப் பொருள் சொல்கிறார்கள். எனக்கு உடனே ஞாபகம் வந்தது ஜெயங்கொண்டம். அதற்குப் பத்து கிலோமீட்டர் தள்ளி, கங்கையைக் கொண்டவனின் புரம். இரண்டு பக்கமும் யாரோ தோற்றதை ஊர்ப் பெயராக வைத்துக்கொண்டு ஜனங்கள் நிம்மதியாக டீ குடிக்கிறார்கள். இந்த ஒற்றுமையை ஒரு தமிழ்க் கட்டுரையிலும் நான் படித்ததில்லை. ஏனென்றால் இதில் நமக்குப் பெருமை ஒன்றுமில்லை, கொஞ்சம் சிரிப்பு மட்டும்தான் இருக்கிறது.

இரண்டு ஊருக்கும் உண்மையான தொடர்பும் இருக்கிறது. ராஜேந்திரனின் 8ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கரந்தைச் செப்பேடுகள், காம்போஜ மன்னன் நட்பு நாடி ஒரு தேரை அனுப்பியதாகச் சொல்கின்றன. அவன் முதலாம் சூரியவர்மன் என்பது வரலாற்றாளர்கள் பலரின் கருத்து. அங்கோர் வாட்டுக்கு நூறு வருஷம் முந்தியவன். பிறகு 1114ஆம் ஆண்டைச் சேர்ந்த சிதம்பரம் கல்வெட்டு ஒன்று, காம்போஜ அரசன் குலோத்துங்கனுக்குக் காட்டிய ஒரு கல்லை அங்கே பதித்ததைச் சொல்கிறது. ஒரு தேர், ஒரு கல். இரண்டும் அங்கிருந்து இங்கே வந்தவை. நாம் போய்க் கட்டிக்கொடுத்ததாக ஒரு வரிகூட இல்லை.

எனக்கு இவற்றைவிடப் பெரிய ஒற்றுமையாகத் தெரிவது தண்ணீர். கங்கை நீரைக் கொண்டுவந்ததன் நினைவாக, தண்ணீராலேயே ஒரு வெற்றித் தூண் நட்டதுபோல ராஜேந்திரன் சோழகங்கம் என்ற ஏரியை வெட்டினான் என்கிறது திருவாலங்காட்டுச் செப்பேடு. இன்றைக்கு அது பொன்னேரி. அதே 11ஆம் நூற்றாண்டில், முதலாம் சூரியவர்மன் காலத்தில் தொடங்கப்பட்டதாகக் கருதப்படும் மேற்கு பாரை, சுமார் 8 கிலோமீட்டர் நீளமும் 2 கிலோமீட்டர் அகலமும் உள்ள நீர்த்தேக்கம். தேர் அனுப்பியவனும் தேர் வாங்கியவனும் ஒரே சமயத்தில் மண் வெட்டவைத்துக்கொண்டிருந்தார்கள். மழை நம்பகமில்லாத பூமியில் தலைநகரம் வைப்பவனின் கவலை இருவருக்கும் ஒன்றுதான். அங்கோரின் வீழ்ச்சிக்கு 14, 15ஆம் நூற்றாண்டுகளின் நீண்ட வறட்சியும் இடையே கொட்டித் தீர்த்த பெருமழையும் ஒரு காரணம் என்று மர வளையங்களை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். அரியலூர்க்காரனுக்கு இது புரியும். ஆனால் நம் கட்டுரைகள் கோபுரத்தின் உயரத்தைச் சொல்லும், ஏரியின் ஆழத்தைச் சொல்லாது.

ஆட்களையும் சொல்லாது. தா ப்ரோமின் 1186ஆம் ஆண்டுக் கல்வெட்டு அந்தக் கோயிலுக்கு ஊழியம் செய்ய 3,140 ஊர்களும் 79,365 பேரும் ஒதுக்கப்பட்டதைக் கணக்கு வைத்திருக்கிறது. தஞ்சைக் கல்வெட்டில் ராஜராஜன் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகள் பெயரோடும், எந்தக் கோயிலிலிருந்து வந்தார்கள் என்ற விவரத்தோடும் வரிசையாக வருகிறார்கள். கல்வெட்டு வெட்டியவனுக்கு இருந்த அக்கறைகூட நமக்கு இல்லையே என்று தோன்றியது.

1296இல் சீனத் தூதுக்குழுவோடு அங்கோருக்குப் போன சூ தாகுவான் ஏறக்குறைய ஒரு வருஷம் தங்கி ஒரு குறிப்பு எழுதினார். கெமர் மக்களைத் தாழ்வாகத்தான் பார்க்கிறார், அதை மறைப்பதுமில்லை. ஆனால் சந்தையில் வியாபாரம் பார்ப்பது பெண்கள் என்று எழுதுகிறார். எப்படிக் குளிக்கிறார்கள், வீட்டில் என்ன பாத்திரம், அடிமைகள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று எழுதுகிறார். அந்த நகரத்தின் அன்றாட வாழ்க்கைக்கு இன்று நமக்கிருக்கும் நேரடிச் சாட்சி அவர்தான். நம்மிடம் ஏ.கே.செட்டியார் இருந்தார். 'உலகம் சுற்றும் தமிழன்' என்று புத்தகத்துக்குப் பெயர் வைத்தவர், அதற்குள் தன்னை முன்னிறுத்தாமல் எதிரில் இருப்பவரைப் பேசவிட்டவர். அந்தப் பெயர் இன்று நமக்கு முழக்கமாகிவிட்டது, அவருடைய கூச்சத்தைத் தொலைத்துவிட்டோம்.

அப்பாவின் போனை வைத்த பிறகு டுக்டுக்காரரோடு டீக்கடையில் உட்கார்ந்தேன். உடைந்த ஆங்கிலத்தில் இருவரும் பேசினோம். அவருடைய சித்தி குடும்பம் தொல்லியல் பூங்காவுக்குள் தலைமுறையாக இருந்தது, இப்போது ரன் தா ஏக்கில் இருக்கிறது. பாரம்பரியச் சின்னத்தைக் காப்பதற்காகச் சுமார் 10,000 குடும்பங்களை அங்கே மாற்றுவது அரசின் திட்டம். விருப்பப்பட்டுத்தான் போகிறார்கள் என்றது அரசு. கட்டாயப்படுத்தப்பட்டார்கள் என்று ஆம்னெஸ்டி அந்த நவம்பரில்தான் அறிக்கை விட்டிருந்தது. "அங்கே மரம் இல்லை. டூரிஸ்ட்டும் இல்லை, சாமான் விற்க" என்றார். ஜெயங்கொண்டம் பக்கம் 1990களில் பழுப்பு நிலக்கரிக்காக நிலம் எடுத்து, சுரங்கமே வராமல், வழக்கு மட்டும் வருஷக்கணக்கில் ஓடியதை அவரிடம் சொன்னேன். அவர் வெள்ளந்தியாகச் சிரிக்கவில்லை. "நிலம் திரும்பக் கிடைத்ததா?" என்று கேட்டார். 37 டாலர் டிக்கெட்டில் நான் பார்த்ததிலேயே முக்கியமானது அந்தக் கேள்வி என்று நினைக்கிறேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவைக் கங்கைகொண்ட சோழபுரம் அழைத்துப் போனேன். சண்டேச அனுக்கிரக மூர்த்தியின் முன்னால் நின்று, "அப்பா, அன்னைக்கு நான் பொய் சொல்லிட்டேன்" என்று எல்லாவற்றையும் சொன்னேன். தேரையும் சொன்னேன். அவருக்கு ஏமாற்றம்தான், மறைக்கவில்லை. "அப்ப நம்ம கோயில் மதில் எங்கடா போச்சு?" என்று கேட்டார், பேச்சை மாற்றுவதற்காக. 1836இல் வெள்ளைக்காரன் கீழணை கட்டியபோது மதில் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனதைச் சொன்னேன். அறுபத்தெட்டு வயது வரை அதே கோயிலுக்கு வந்துபோனவர், யாரும் சொல்லிக் கேட்டதில்லை என்றார். கம்போடியாவில் நம்மாள் கட்டியதாக ஒரு கோயில் மட்டும் அவருக்குப் போனிலேயே வந்து சேர்ந்துவிட்டது.

திரும்பும்போது வீட்டுக்குப் போகாமல் அணைக்கரைக்கு வண்டியை விடச் சொன்னார். பாலத்தின் ஓரம் இறங்கி, கொள்ளிடத்தில் தண்ணீரைத் தடுத்து நிற்கும் கட்டடத்தை ரொம்ப நேரம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல எது நம்ம கல்லுன்னு தெரியுமா?"

"தெரியாதுப்பா."

"சரி, விடு. வயலுக்குத் தண்ணி போவுதுல்ல."

என் பழைய வலைப்பூப் பதிவை அன்றைக்கு ராத்திரி அழிக்கப் போனேன். பிறகு அழிக்கவில்லை. தலைப்பை அடித்துக்காட்டி, கீழே திருத்தம் என்று போட்டு, அந்தத் தேரைப் பற்றி நாலு வரி எழுதினேன். இதுவரை அதை யாரும் ஃபார்வேர்ட் செய்யவில்லை.