துணிச் சின்னத்தின் முதுகுப்புறம்

‘மூலம் என்று ஒன்றில்லை, எல்லாமே பிரதிதான்’ என்று நம் விமர்சனக் கூட்டங்களில் சுலபமாகச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறோம். பழைய ராணுவத் துணிச் சின்னங்கள் சேகரிக்கிறவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். சிரிப்பார். அவர் ஏமாந்தால் கைக்காசு போகும். நானும் கொஞ்சம் சேகரிக்கிறவன் என்பதால் அந்தச் சிரிப்பின் பக்கம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

இரண்டாம் உலகப்போரில் சீனா–பர்மா–இந்தியா போர்முனையில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களின் தோள் சின்னத்தை எடுத்துக்கொள்வோம். கேடய வடிவம். மேலே நீலத்தில் சீனக் குடியரசின் சூரியனும் இந்தியாவைக் குறிக்கும் நட்சத்திரமும். கீழே சிவப்பு வெள்ளைக் கோடுகள். அமெரிக்காவில் இது இயந்திரப் பூவேலை. இந்தியப் பஜார் தையற்காரர்கள் அதைப் பார்த்துக் கம்பளித் துணியில் வெள்ளி ஜரிகை வைத்துக் கையால் தைத்துக் கொடுத்தார்கள். சலவைக்குப் போடும்போது கழற்றிவைக்கப் பின்னால் டிச் பட்டன் வைத்தவையும் உண்டு. இயந்திர மறுஉற்பத்தி கலைப்பொருளின் ஒளிவட்டத்தை மங்கச் செய்கிறது என்றார் வால்டர் பெஞ்சமின். இங்கே கணக்கு தலைகீழ். இயந்திரச் சின்னம் முன்மாதிரி, கைவேலை அதன் நகல். சேகரிப்பாளர் ஏங்குவதோ நகலுக்கு.

அப்படியானால் போலி எது? அதே ஜரிகை வேலை இன்றும் சியால்கோட்டில் நடக்கிறது. முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். புரட்டிப் பார்க்க வேண்டும். வெயிலில் திரிந்த சின்னம் முன்பக்கம் வெளுத்திருக்கும், முதுகில் நிறம் புதுசாக நிற்கும். தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்துப் பழசாக்கியது இரண்டு பக்கமும் ஒரே பழுப்பு. சட்டையில் தைத்துப் பிரித்ததென்றால் ஓரத்தில் ஊசித்துளைகள் தெரியும், சிலதில் அறுந்த நூல் மிச்சமிருக்கும். பூவேலை நூலில் ஒரு துணுக்கைக் கொளுத்தும்போது உருகி மணியாகத் திரண்டால் அது செயற்கை நூல். பாலியஸ்டர் 1941இல் கண்டுபிடிக்கப்பட்டு 1950களில்தான் சந்தையில் பரவியது. 1944ஆம் வருஷச் சின்னத்தில் அதற்கு என்ன வேலை? புற ஊதா விளக்கில் மின்னுவதைச் சிலர் கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். அவசரம். போருக்குப் பின் பரவிய சலவைத்தூள்களில் வெளுப்பூட்டி உண்டு. அசலைப் பிற்பாடு யாராவது அதில் துவைத்திருந்தாலும் மின்னும். மின்னாததெல்லாம் அசலுமில்லை, பருத்தி நூல் இன்றும் கிடைக்கிறது.

தமிழ் எம்.ஏ.வில் சுவடிப் பதிப்பு படித்தவர்களுக்கு இன்னொன்று பிடிபடும். எந்த ஏடு எதிலிருந்து வந்தது என்பதை எழுதியவரின் பிழைதான் காட்டிக்கொடுக்கும். சூரியனின் பன்னிரண்டு கதிர்களில் ஒன்றைத் தையற்காரர் விட்டுவிட்டால் அந்தப் பிழையே அவருடைய கையெழுத்து. போலியைத் தவிர்க்கத்தான் சேகரிப்பாளர்கள் இவற்றை வண்ணப்படங்களோடு புத்தகமாகப் போட்டார்கள். இப்போது அந்தப் படத்தைப் பார்த்துப் பிழையையும் சேர்த்தே தைக்க முடியும். பாடபேதம் பார்த்தது போய்ப் பாடம் சொல்லிக்கொடுத்தது போலாயிற்று.

சேகரிப்பாளர்களோடு எனக்குச் சண்டையும் இங்கேதான். ‘ஆசியச் சரக்கு’ என்பதையே சிலர் போலிக்கு மறுபெயராக்கிவிடுகிறார்கள். 1944இன் பஜார் ஊசி என்றால் அபூர்வம், இன்றைய சியால்கோட் ஊசி என்றால் மோசடி! புதுசைப் புதுசு என்று சொல்லி விற்கிற தொழிலாளி யாரை ஏமாற்றினார்? பொய் தொடங்குவது அதைத் தேயிலையில் முக்குகிற இடத்தில், ‘லெடோ சாலை போட்ட சிப்பாயின் பெட்டியில் கிடைத்தது’ என்று கதை கட்டுகிற இடத்தில். அஸ்ஸாமிலிருந்து காட்டையும் மலையையும் வெட்டிப் போன அந்தச் சாலையில் உழைத்த அமெரிக்கச் சிப்பாய்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். ஆயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கர்கள் அங்கே செத்தார்கள். அவர்கள் உடுத்தாததை உடுத்தியதாகச் சொல்வது அவர்கள் வரலாற்றில் செய்கிற இடைச்செருகல். எல்லாம் பிரதி என்று சொல்லி இதை எப்படித் தாண்டிப் போவது என்று எனக்குத் தெரியவில்லை. இதற்கு விளக்கும் தீக்குச்சியும் போதாது. யாரிடம் வாங்கினீர்கள், அவருக்கு எப்படி வந்தது என்று விற்கிறவரைக் கேட்க வேண்டும். நான் கேட்டவரையில், பாதிப்பேர் பேச்சை விலைக்குத் திருப்பிவிடுகிறார்கள்.