துண்டு வந்ததும் கூப்பிடும் லிப்பிஎன்ஜி

பிஎன்ஜி படங்களைத் திறக்கும் மென்பொருள்கள் பலவற்றுக்கு அடியில் இருப்பது லிப்பிஎன்ஜி என்ற சி லைப்ரரி. 1995-இல் பிறந்தது. படத்தை ஒழுங்காகத் திறக்கும் என்பது ஊரறிந்த செய்தி. நான் சோதிக்க விரும்பியது அதன் கால்பேக் வசதியை மட்டும்.

பிஎன்ஜி ஃபைலின் முதல் 8 பைட் அடையாளம். மீதி எல்லாம் துண்டுகள். ஒவ்வொன்றிலும் நீளத்துக்கு 4 பைட், பெயருக்கு 4 பைட், பிறகு தரவு, முடிவில் சிஆர்சி சரிபார்ப்புக்கு 4 பைட். 1985-இல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் தந்த ஐஎஃப்எஃப் முதல் இந்தப் பாணி வழக்கில் உண்டு. வேவ் ஒலி ஃபைலும் இதே குடும்பம்தான். பெயரின் முதல் எழுத்து ஆங்கிலச் சிற்றெழுத்து என்றால், புரியாவிட்டாலும் அந்தத் துண்டைத் தாண்டிப் போகலாம். பேரெழுத்து என்றால் தாண்டக் கூடாது. எழுத்தின் அளவிலேயே விதியை ஒளித்துவைத்தவர்கள் கெட்டிக்காரர்கள்!

என் படங்களில் சொந்தக் குறிப்புகளுக்காக ஒரு தனித் துண்டு சேர்த்திருந்தேன். அதைப் படிக்க ஒரு கால்பேக் ஃபங்ஷன் எழுதி லைப்ரரியிடம் பதிவு செய்தால் போதும். தனக்குத் தெரியாத துண்டு வரும்போதெல்லாம் பெயர், தரவு, அளவு மூன்றையும் கட்டி அந்த ஃபங்ஷனை அது கூப்பிடுகிறது. நேர் எண்ணைத் திருப்பினால் ‘நான் பார்த்துக்கொண்டேன்’, 0 என்றால் ‘எனக்கும் தெரியாது’, எதிர் எண் என்றால் பிழை. நீளத்தை எண்ணுவதும் சிஆர்சி கணக்கும் நம் தலையில் விழுவதில்லை. துண்டுகளைப் படிக்கக் கையால் எழுதும் லூப்பில் பிழைகள் புகுவது பெரும்பாலும் அந்த இரண்டு இடங்களில்தான்.

குறையும் உண்டு. துண்டு முழுவதும் நினைவகத்தில் ஏறிய பிறகே அழைப்பு வரும். பெரிய துண்டுகளை வைத்திருப்பவர்களுக்கு இது தோதுப்படாது. முன்பின் தெரியாத ஃபைல்களைத் திறப்பவர்கள் அளவுக்கு உச்சவரம்பு வைத்தே ஆக வேண்டும். இன்னொன்று: வழக்கமான முறையில் படிக்கும்போது, படத் தரவுக்குப் பின்னால் இருக்கும் துண்டுகள், முடிவுவரை படிக்கும் ஃபங்ஷனை அழைத்தால்தான் நம்மிடம் வரும். படத்தின் வரிகள் கிடைத்துவிட்டன என்று அங்கேயே நிறுத்தினால் வால்பகுதி போச்சு.

கால்பேக்கின் இரண்டாவது வகை, தரவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டும் முறை. தலைப்புத் தகவல் தெரிந்ததும் ஒரு கால்பேக், ஒவ்வொரு வரிக்கும் ஒன்று, முடிந்ததும் ஒன்று. வலையில் இருந்து படம் சொட்டுச் சொட்டாக வரும்போது இதற்கு மாற்றில்லை. ஆனால் நாம் எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்பதை நாமே ஒரு ஸ்ட்ரக்ட்டில் சுமந்து திரிய வேண்டும். ஏழு சுற்றாக வரும் ஆடம்7 படங்களில் வரியின் பாயின்டர் ‘நல்’ (NULL) ஆகவும் வரலாம். அந்தச் சுற்றில் அந்த வரிக்குப் புதிதாக ஒன்றும் இல்லை என்று அர்த்தம். அதைச் சோதிக்காத நிரல் சாதாரணப் படத்தில் ஓடும், ஆடம்7 படத்தில் விழும்.

டிஸ்க்கில் முழுசாகக் கிடக்கும் ஃபைலுக்கு இந்த இரண்டாவது முறை வீண் வேலை. வழக்கமாகப் படித்து, தெரியாத துண்டுக்கு மட்டும் கால்பேக் வைப்பதே என் தேர்வு. சி++ எழுதுகிறவர்கள் கால்பேக்குக்குள் இருந்து எக்ஸெப்ஷனை வெளியே வீச வேண்டாம். இடையில் இருப்பது சி நிரல், பிழை வந்தால் அது லாங்ஜம்ப் போட்டுத் தாவும் பழக்கமுள்ளது. எதிர் எண்ணைத் திருப்பிவிட்டு, காரணத்தை உங்கள் ஸ்ட்ரக்ட்டில் எழுதிவையுங்கள்.