அழுகையின் நிலைக்களன்களும் மனச்சோர்வு நோயும்

காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், 1926ஆம் ஆண்டில் வெளிவந்த மதங்கசூளாமணி என்னும் நூலில், ஆங்கில நாடகப் பெரும்புலவராகிய செகசிற்பியாரைத் தமிழ் நாடக இலக்கணத்தின் துணைகொண்டு ஆராய்ந்தனர். பிறமொழிப் பொருளைத் தமிழ் நூல்நெறியால் அளந்து காண்டல் தவறன்று. அங்ஙனம் அளக்குங்கால் அளவுகோலும் அளக்கப்படும் பொருளும் ஒருங்கே விளக்கமுறும் என்பதை அந்நூல் காட்டிற்று. அந்நெறி நாடகத்தோடு நின்றுவிட வேண்டுவதில்லை. மனச்சோர்வு நோயின் தோற்றம்பற்றி மேனாட்டு உளநூலார் கூறுவனவற்றைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலோடும், அடிகளார் பிறந்த கரையோரத்து மக்களின் வாழ்வோடும் ஒப்புநோக்கின், அக்கொள்கைகளின் வலிமையும் குறைபாடும் இனிது புலனாகும்.

மனச்சோர்வு என்னும் சொல் உலக வழக்கிற் சிறு வருத்தத்தையுங் குறிக்கும். மருத்துவர் அச்சொல்லால் குறிப்பது அதுவன்று. இரண்டு கிழமைக்குக் குறையாது நாள்தோறும் உள்ளம் ஒடுங்கியிருத்தல், எதிலும் விருப்பின்மை, உறக்கமும் உணவும் கெடுதல், தன்னைப் பயனற்றவனாகக் கருதுதல், சாவை எண்ணுதல் முதலியன ஒருங்குகூடி அன்றாட வாழ்வைச் சிதைப்பின் அதுவே நோய் எனப்படும். கிழக்கிலங்கையில் இந்நோயுற்றோர் பலர் இதனை மனத்தின் நோயாக உரைப்பதில்லை. 'நெஞ்சு அடைக்கிறது', 'தலையிடி', 'ஒரே யோசனை' என்றே கூறுவர். ஆதலின் வந்த நோய் இன்னதென்று வீட்டாரும் அறியார். சிலபோது மருத்துவரும் அறியார்.

இந்நோய் எதனால் வருகின்றது? குருதியிலும் மூளையிலும் மட்டுமே காரணத்தைத் தேடுவார் ஒருசாரார். வாழ்க்கையில் தேடுவார் மற்றொரு சாரார். பின்னையோருள் தலைசிறந்தோர் ஜோர்ஜ் பிறவுண், திறில் ஹரிஸ் என்னும் இருவர். இலண்டன் மாநகரின் கம்பர்வெல் பகுதியில் வாழ்ந்த 458 பெண்களை ஆராய்ந்து, 1978இல் மனச்சோர்வின் சமூகத் தோற்றம்பற்றி அவர்கள் வெளியிட்ட நூல் இத்துறையிற் பெரும் மாற்றத்தை விளைத்தது. பேரிழப்பு முதலிய கடுநிகழ்ச்சியோ, நெடுநாள் நீங்காத இடரோ நோயைத் தூண்டும் என்பது அவர்கள் கண்ட முதலுண்மை. ஆயின் அத்தகைய அடியேற்ற பெண்கள் ஐவருள் ஏறத்தாழ ஒருவரே நோயுற்றனர். ஏனையோர் வருந்தினரெனினும் நோயுற்றிலர். இவ்வேறுபாட்டை விளக்க நான்கு நலிவுகளை அவர்கள் வகுத்தனர்: பதினொரு வயதிற்கு முன் தாயை இழத்தல், பதினான்கு வயதிற்குட்பட்ட மூன்று பிள்ளைகளையேனும் அதற்கு மேற்பட்டோரையேனும் வீட்டில் வைத்துப் பேணுதல், வீட்டிற்கு வெளியே தொழிலின்மை, உள்ளத்தைத் திறந்து உரைத்தற்குரிய நெருங்கிய துணையின்மை என்பன அவை.

பின்னர் 1995இல் பிறவுணும் அவர்தம் துணைவரும் இக்கொள்கையைத் திருத்தினர். இழப்பு மட்டும் தனித்து நிற்பதினும், இழிவுபடுத்தப்படுதலும், தப்ப வழியின்றி அகப்பட்டு நிற்றலும் நோயை மிகுதியாகத் தூண்டும் என்பது அத்திருத்தம்.

இனி, தொல்காப்பியனார் கூற்றை நோக்குவோர் வியப்படைவர். எண்வகை மெய்ப்பாட்டுள் ஒன்றாகிய அழுகைக்கு அவர் நான்கு நிலைக்களன் வகுத்தனர். அவை இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. பிறரால் இகழப்பட்டு எளியராதல் இளிவு. சுற்றத்தையும் இன்பப் பொருள்களையும் இழத்தல் இழவு. முன்னைய நிலைமை கெட்டுத் தாழ்தல் அசைவு. துய்த்தற்குரியன இன்றி வருந்துதல் வறுமை. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இழப்பின் பக்கத்தில் இழிவையும் வைத்து ஆராய்ந்தது இலண்டன். தமிழிலக்கணமோ இளிவை முதற்கண் வைத்து, இழவை அதன்பின் வைத்தது.

இதுகொண்டு, மேனாட்டார் கண்டன யாவும் முன்னரே தமிழில் உள என்று பெருமை பேசுதல் ஆராய்ச்சியாகாது. மெய்ப்பாட்டியல் செய்யுட்கும் நாடகத்துக்கும் உரிய இலக்கணம், மருத்துவ நூலன்று. துயரின் வாயில்களை அது கூறும். அவ்வாயிலாற் புகுந்த துயர் எப்பொழுது நோயாகும் என்பதைக் கூறாது. அவ்வினாவிற்கு விடை தேடுங்கால் கம்பர்வெல்லின் பெண்களும் வேண்டும். பெரியநீலாவணையின் பெண்களும் வேண்டும்.

பெரியநீலாவணை, கல்முனை மாநகர எல்லையின் வடகோடியில், கடலை அடுத்துள்ள தமிழூர். கவிஞர் நீலாவணன் (1931–1975) பிறந்த மண் அது. அதன் தெற்கே கைத்தறிக்குப் பேர்பெற்ற முஸ்லிம் ஊராகிய மருதமுனை உளது. சமயத்தால் வேறுபட்ட இவ்விரு மக்களும் தாய்வழிக் குடிமுறையில் ஒத்தவர். மகளுக்கு வீட்டைச் சீதனமாக அளித்து, மருமகனை அவ்வீட்டிற்கு வரவழைத்தல் இக்கரையோரத்து வழக்கம். எனவே பெண்ணொருத்தி மணமுடித்த பின்னரும் தாயின் வளவிலோ அதன் அயலிலோ வாழ்வாள். உடன்பிறந்தாள் வேலிக்கப்பால் இருப்பாள். கம்பர்வெல்லில் உள்ளந்திறந்து பேசத்தக்க துணையைக் கணவனிடமே பெரிதும் தேடினர் ஆய்வாளர். ஈண்டோ அத்துணை தாயும் தமக்கையுமாகப் பலராய் விரிந்து நிற்கும். பிறவுண், ஹரிஸ் கொள்கையின் முதற்குறைபாடு இதுவேயாம்: துணை என்பது எங்கும் ஓருருவினதன்று, அதை அளக்கும் கோல் அவ்வவ்வூரின் குடிமுறையிலிருந்து எடுக்கப்படல் வேண்டும்.

2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் காலையில் எழுந்த ஆழிப்பேரலை இத்துணையையே வாரிச் சென்றது. இலங்கையில் மாண்டாரும் காணாமற் போனாரும் 35,000க்கு மேற்பட்டோர். அவருள் 10,000க்கு மேற்பட்டோர் அம்பாறை மாவட்டத்தவர். பெண்களும் பிள்ளைகளுமே மிகுதியாக இறந்தனர். உயிர் பிழைத்த பெண் இழந்தது ஒருவரையன்று. தன் இழவைச் சொல்லி அழுதற்குரிய தாயையும் தமக்கையையும் ஒருங்கே இழந்தாள். பின்னர் வந்த ஆணைகள் வேறொரு வகையான இழப்பை விளைத்தன. வடக்கிலும் கிழக்கிலும் கடலிலிருந்து 200 மீற்றர் எல்லைக்குள் வீடு கட்டுதல் முதலில் தடுக்கப்பட்டமையால், பழைய வளவுகளை விட்டு மக்கள் பெயர்ந்தனர். அந்த எல்லை பிற்றைக்காலத்திற் குறைக்கப்பட்டதாயினும், கலைந்த அயல் மீளக் கூடுதல் எளிதன்று. புதுவீடுகளின் உரித்து குடும்பத் தலைவன் என்ற பெயரால் ஆடவர்க்கே பல இடங்களில் எழுதப்பட்டது. தாய்வழி வந்த வீட்டிற்கு உடையவளாயிருந்தவள், கொடையாக வந்த வீட்டில் ஒண்டியிருப்பவளாயினாள். இழவோடு அசைவும், அசைவோடு வறுமையும், நிவாரண வரிசையில் நிற்குங்கால் இளிவும் அவளை வந்தடைந்தன. நான்கு நிலைக்களனும் ஒருத்தியிடத்தே கூடுதல் இவ்வாறாம்.

அதற்கு முன்னரே போர் இக்கரையோரத்தைப் புண்படுத்தியிருந்தது. 1990ஆம் ஆண்டு ஆனியில் மீண்டும் மூண்ட போரில் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பாதோர் பலர். இறந்தார்க்கு அந்தியேட்டியும் ஆட்டைத் திவசமும் உண்டு, காணாமற்போனார்க்கு யாதுண்டு? சாவென்று துணிதலும் இயலாது, வருவாரென்று நம்புதலும் இயலாது நிற்கும் அந்நிலையே, பிறவுண் கூறிய அகப்பட்டு நிற்றலின் கொடிய வடிவமாகும்.

எனினும் புறக்காரணங்கள் மட்டும் இந்நோயை முற்றும் விளக்குமா? விளக்கா என்பதற்குச் சிலப்பதிகாரமே சான்று. கண்ணகிக்கு நான்கு நிலைக்களனும் உள. செல்வமெல்லாம் கெட்டுச் சிலம்பொன்றே எஞ்சியது வறுமை. வணிகர் மாளிகையில் வளர்ந்தவள் ஆயர்சேரியிற் புகுந்தது அசைவு. கணவன் கொலையுண்டது இழவு. அவன் கள்வனெனப்பட்டது இளிவு. ஆயினும் அவள் சோர்ந்து வீழ்ந்திலள். வழக்குரைத்தற்கு ஓர் அவையும், அவ்வழக்கைக் கேட்டற்கு ஓர் அரசனும் இருந்தமையால் அவள் அழுகை வெகுளியாக மாறிற்று. அவளுக்கு அடைக்கலம் அளித்த மாதரியின் நிலை வேறு. இழவின் அளவாற் பார்ப்பின் மாதரி இழந்தது கண்ணகியினும் குறைவே. ஆயினும் அடைக்கலப் பொருளைக் காவாது இழந்தேன் என்று தன்னையே பழித்து அவள் எரியிற் புகுந்தாள் என்பதை, மாடலன் வாயிலாக நீர்ப்படைக் காதையில் அறிகின்றோம். துக்கத்தையும் மனச்சோர்வையும் பிரிக்கும் எல்லை தற்பழிப்பே என்று 1917இல் சிக்மண்ட் பிராய்ட் எழுதியதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது. அலையிற் பிள்ளையின் கை நழுவியதை நினைந்து, 'நான் விட்டுவிட்டேனே' என்று பல்லாண்டு உழலும் தாயர் மாதரியின் வழியினர். அன்னார்க்கு வீடும் பொருளும் மட்டும் மருந்தாகா.

இனி, மறுதலைக் கொள்கை ஒன்றை நோக்குதல் வேண்டும். இலங்கை மானிடவியலறிஞர் கணநாத் ஒபேசேகர 1985இல் எழுதிய கட்டுரையொன்றில், பிறவுணும் ஹரிஸும் நோயின் உட்கருவாகக் கொண்ட நம்பிக்கையின்மையை எடுத்துக்கொண்டு, இலங்கையில் அத்தகையோன் நோயாளியல்லன், நல்ல பௌத்தன் எனப்படுவான் என்று தடுத்துரைத்தனர். உலகு துன்பமயமென்னும் தெளிவு ஒரு பண்பாட்டில் ஞானமாகவும், பிறிதொன்றில் நோயாகவும் கொள்ளப்படும் என்பது அவர் கருத்து. நிலையாமை பேசும் சைவ நூல்களில் பயின்றார்க்கும் இது பொருந்துவதே. துயரைப் பண்பாடு ஏந்திக்கொள்ளும் வகையையும் இக்கரையோரத்திற் காணலாம். காரைதீவு முதலிய ஊர்களில் வைகாசியிற் கண்ணகையம்மனுக்குச் சடங்கு நிகழும், வழக்குரை பாடப்படும், ஈற்றில் குளிர்த்தி ஆடப்படும். நான்கு நிலைக்களனும் கூடப்பெற்ற ஒருத்தியின் துயரை ஊர் முழுதும் கேட்டு, அவள் வெம்மையைத் தணிக்கின்றது. போர்க்காலத்து மட்டக்களப்பில், தெய்வமாடுவோரின் வாக்கில் காணாமற்போன மக்களின் செய்தியைத் தாயர் நாடியதை மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் எழுதியுள்ளார். பேசவொண்ணாத காலத்தில் பேசுதற்குக் கோயில் ஓரிடமளித்தது.

ஆயின் ஒபேசேகரவின் கூற்றைக் கடைப்பிடியாகக் கொள்வார்க்கு ஓர் இடுக்கண் உண்டு. நிலையாமையை உணர்ந்த ஞானி உண்பான், உறங்குவான், பிறர்க்கு இரங்குவான். நோயுற்றவளோ உறங்காள், பிள்ளையின் முகம் நோக்காள், தன்னை வெறுப்பாள். இவ்விருவரையும் ஒன்றென மயங்குதல் ஞானத்துக்கும் இழுக்கு, நோயாளிக்கும் தீங்கு. 'எல்லாம் தலைவிதி' என்னும் சொல் ஒருத்திக்கு ஆறுதலாகும். அதே சொல், 'உன் விதியே அவனைக் கொன்றது' என்னும் பொருளில் மற்றொருத்திமேல் வீழின் இளிவாகும்.

மருத்துவமும் தன் எல்லையை அறிதல் வேண்டும். துக்கத்தில் உள்ளாரை இந்நோயாளராகக் கணிக்கலாகாதென 1980 முதல் அமெரிக்க மருத்துவ வகைநூல் விதித்திருந்த விலக்கு, 2013இல் நீக்கப்பட்டது. துக்கத்தினிடையேயும் நோய் வரலாம் என்பது உண்மையே. ஆயினும் ஒவ்வோர் அழுகையையும் மருந்தால் அடக்கமுயலும் இடர் அதனால் வரக்கூடும். ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கை வகுத்த 2005ஆம் ஆண்டின் மனநலக் கொள்கை, தலைநகரையே சார்ந்திருந்த மருத்துவத்தை மாவட்டங்கள்தோறும் கொண்டுசெல்ல முற்பட்டமை பாராட்டற்குரியது. கோவாவில் விக்ரம் பட்டேல் முதலியோர் நிகழ்த்தி 2010இல் வெளியிட்ட ஆய்வு, பயிற்சி பெற்ற பொதுமக்களும் மருத்துவரோடு சேர்ந்து இந்நோயைத் தணிக்கத் துணையாதல் கூடும் என்று காட்டிற்று. கேட்கும் செவியை மீட்டளித்தலும் மருத்துவமே என்பது இதனாற் பெறப்படும்.

இதுகாறும் கூறியவற்றால் துணியப்படுவது ஒன்று. நான்கு நிலைக்களனும் அழுகையைத் தரும், அழுகை நோயன்று. அவ்வழுகையைக் கேட்பார் இன்றி ஒழியுமிடத்தும், அது தன்மேற் பழியாகத் திரும்புமிடத்தும் நோய் பிறக்கும். ஆகவே வீட்டைக் கட்டுவோர் அயலையும் கட்டுதல் வேண்டும். பெண்ணின் உரித்தைப் பெண்ணுக்கே எழுதுதல் வேண்டும். தன்னைப் பழிப்பாளைத் தேற்றவும், உறக்கமிழந்தாளை மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும் கூசுதல் கூடாது. அழுகை தன்பாற் பிறந்த துன்பத்தால் மட்டுமன்றிப் பிறர்பாற் கண்ட துன்பத்தாலும் வரும் என்றனர் உரையாசிரியர். அவ்விரண்டாவது அழுகை ஓர் ஊரில் உள்ளவரை, முதலாவது அழுகை அவ்வூரில் தனித்து நில்லாது.